இடது காதுக்குப் பின்னால்

"அப்போ அந்த விரல் ரேகை வேட் பிரூயிட்டோடதுன்னு நான் சொல்லணும்கற?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. அவரோடது இல்லைன்னு சொல்லாம இருந்தா போதும். கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"கையெழுத்துப் போட்டா சொன்ன மாதிரிதானே?"

"எல்லாரும் போட்டாச்சு. டுவெய்ன் போட்டான். பெயின்ட் ரூம்ல ஏழு பேரும் போட்டாங்க. உன்னோடது மட்டும்தான் பாக்கி."

"அன்னிக்கு டுவெய்ன் எங்கடி இருந்தான்? அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாங்கிளாஸ்ல இருந்தான்," என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆர்வோ எடுத்துக் கொடுத்தார். "சின்ன வயசுலேருந்தே ரொம்ப உன்னிப்பான பையன்."

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

நோரீன் கோஸ்கி திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் பதினைந்து மட்டிகள் கிடந்தன, சவரக்கத்தி போல நீண்டு ஒடுங்கிய மட்டிகள். காலையில்தான் கோப்பாலிஸ் கடற்கரையில் தோண்டிக்கொண்டு வந்திருந்தாள். கொதிநீரை ஊற்றியதும் ஓடுகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. உடனே குளிர்ந்த நீரில் அலசினாள். பிறகு இடது கையில் ஒன்றை எடுத்து, வலது கைக் கத்தரிக்கோலால் மூக்கு நுனியை வெட்டி, நெடுக்கக் கீறி, கறுப்பு வயிற்றை உருவி எறிந்தாள். ஒன்றுக்கு எட்டு நொடி. எழுபத்திரண்டு வயதிலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

வெளியே மழை. கடலோர ஊரான ஆபர்டீனில் மழை பெய்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நின்றால்தான் ஜன்னல் பக்கம் போய் என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள்.

மகள் ஜோலின் ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். பெரிய, கனமான, பளபளக்கும் புத்தகம். 'ஹார்பர்ஹெட்: இருபத்தைந்து ஆண்டுகள்' என்று அட்டையில் இருந்தது. ஆர்வோ கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். நான்காம் பக்கம் முழுக்க ஒரே ஒரு கட்டைவிரல் ரேகை. சுழிகளுக்குக் குறுக்கே, பிறை மாதிரி வளைந்த ஒரு வெற்றுக் கோடு.

ஆர்வோ கண்ணாடியை ஏற்றி உரக்கப் படித்தார். "'முதல் தலையை முடித்த அன்று என் கையொப்பமாக என் கட்டைவிரலை அதில் பதித்தேன். நடுவில் ஓடும் கோட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது நான் சிறுவயதில் பார்த்து வளர்ந்த துறைமுகத்தின் அடிவானம். வேட் பிரூயிட்.'"

அவர் புத்தகத்தைத் தாழ்த்தி மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"நோரி, உன் கட்டைவிரல்ல அடிவானம் இருக்காமே. நாப்பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

நோரீனின் கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"சனிக்கிழமை பத்து மணிக்கு இருபத்தஞ்சு வருஷ விழா," என்றாள் ஜோலின். குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்குள்ள லாஸ் ஏஞ்சலஸ்காரங்க வக்கீலுக்கு இந்தப் பேப்பர் போகணும். அந்த ரேகை கம்பெனியோட முத்திரைன்னு பதிவாகியிருக்கும்மா. கம்பெனிய வாங்கினவங்க வாங்கினதே அதைத்தான். கலிபோர்னியாவுக்கு எங்க பதினாலு பேரைத்தான் கூட்டிட்டுப் போறாங்க. மத்த நூத்தி நாப்பது பேருக்கும் வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு. எனக்கு நாப்பத்திநாலு வயசும்மா. இந்த ஊர்ல நான் வேற எங்க போவேன்?"

"சாப்பிட்டுப் போ. மட்டி வடை போடறேன்."

"அம்மா."

"சாப்பிட்டுப் போன்னேன்."

ஜோலின் சாப்பிட்டாள். பேப்பரை உப்புக் குப்பியின் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

*

ஹார்பர்ஹெட் செய்வது பொம்மை. உள்ளங்கை உயரம், உடம்பைவிடப் பெரிய தலை. டிவியில் வருகிறவர்கள், சினிமாவில் வருகிறவர்கள், மேடையில் பாடுகிறவர்கள், கார்ட்டூன் பூனைகள். கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த பெட்டியில் வரும். வாங்குகிறவர்கள் வளர்ந்தவர்கள். வாங்கிப் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். ஆர்வோவுக்கு அதுதான் கடைசிவரை புரியவில்லை. காட்டில் மரம் சரிந்து முதுகு போனபிறகு பதினோரு வருஷம் அந்தக் கிடங்கில்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மரம் அறுத்த கைகள், பலகை ஆலையில் காய்த்த கைகள், எல்லாம் அங்கே வரிசையாக நின்று பொம்மையை நசுக்காமல் பெட்டிக்குள் வைக்கக் கற்றுக்கொண்டன. "திறக்காத பொம்மையும் கேக்காத பிரசங்கமும் ஒண்ணு," என்று ஆர்வோ சொல்லப்போய் லூத்தரன் சர்ச்சில் பாஸ்டர் ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை.

ஆரம்பித்தபோது ஹெரான் தெருவில் வேட் பிரூயிட்டின் சின்னக் கடை மட்டும்தான் இருந்தது. பேஸ்பால் அட்டைகளும் பழைய காமிக்ஸும் விற்பான். முப்பது வயது, ஓயாத வாய், யாராலும் வெறுக்க முடியாத சிரிப்பு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் டிவியில் கேப்டன் டிரிசில் பார்த்து வளர்ந்தவர்கள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட கேப்டன், ஒருநாளும் கரையை விட்டுக் கிளம்பாத கப்பல், வாயாடுகிற ஒரு கடற்பறவை. நிகழ்ச்சி நின்று இருபது வருஷமாகியும் சாராயக்கடையில் யாராவது கேப்டனின் குரலில் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள். அவரைப் பொம்மையாகச் செய்தால் என்ன என்று வேடுக்குத் தோன்றியது. யோசனை அவனுடையதுதான். அதில் நோரீனுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

தலையைச் செய்யத்தான் ஆள் இல்லை. மட்டி ஆலை மூடியபிறகு நோரீன் அவன் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். சர்ச்சின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டிடையர்களையும் ஒட்டகத்தையும் அவள்தான் செய்வாள். ஒட்டகத்தின் முகத்தில் பாஸ்டரின் மாமியார் சாயல் இருக்கும். வேட் அதைப் பார்த்திருந்தான். ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து, "நோரீன், திங்கக்கிழமை கூரியர்ல ஹாங்காங் போகணும்," என்றான்.

1997 பிப்ரவரி. மூன்று வாரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தாள். சூட்டில் வைத்தால்தான் கெட்டியாகும் களிமண். அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் புயலில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. வேட் டகோமாவுக்குப் போயிருந்தான். மின் அடுப்பு செத்துக் கிடந்தது, நாலு மணிக்குக் கூரியர் வண்டி வரும். நோரீன் கூடத்து விறகடுப்பில் தீயைத் தணித்து, களிமண் தலையைத் தூக்கிக்கொண்டு புயல் இருட்டில் நடந்தாள். நாய் குறுக்கே வந்தது. தலை கீழே விழவில்லை, பிடித்துவிட்டாள். இடது காதுக்குப் பின்னால் அவளுடைய இடது கட்டைவிரல் அழுந்திவிட்டது.

பார்த்தாள். தேய்த்துச் சரிசெய்ய நேரமில்லை. வெந்தபிறகு வண்டிக்காரன் கதவைத் தட்டினான். ஹாங்காங்கில் பார்த்தால் அழித்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள்.

அங்கே அழிக்கவில்லை. அந்தத் தொழிலில் மாதிரியில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி. மாதிரியின் மூக்கில் தூசி ஒட்டியிருந்தால் ஐயாயிரம் மூக்கிலும் தூசி வரும். ஜூன் மாதம் பெட்டிகள் வந்து இறங்கின. ஐயாயிரம் கேப்டன் டிரிசில்களின் இடது காதுக்குப் பின்னாலும் நோரீனின் விரல், சுழி சுழியாக. குறுக்கே, மட்டி ஆலையில் கத்தரிக்கோல் பட்ட தழும்பு.

"ஐயாயிரம் தலையிலயும் உன் அழுக்கு விரலு!" என்று வேட் நடைபாதையில் நின்று கத்தினான். பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நோரீனுக்கு அன்று காது மடல்வரை சிவந்தது. மறுநாள் முதல் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாக எடுத்து, பள்ளத்தில் மக்கு வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தொட்டு வைத்தாள். அறுநூறு தலை முடிந்திருந்தது. அப்போது ஸ்போகேனிலிருந்து ஒரு சேகரிப்புக்காரர் கடிதம் எழுதினார். வாங்கிய பொம்மையில் காதுக்குப் பின்னால் யாரோ மனிதரின் விரல் இருக்கிறது, தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் என்னமோ செய்கிறது, விரல் உள்ளதாக இன்னும் பத்து அனுப்ப முடியுமா என்று.

வேட் உப்புத்தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டான். பிறகு வந்த எல்லாத் தலைகளும் அந்த முதல் தலையின் அச்சில் முகத்தை மட்டும் மாற்றி வார்க்கப்பட்டன. திருட்டுப் பொம்மை செய்கிறவர்கள் அதைப் பழுது என்று நினைத்து வழுவழுப்பாகச் செய்தார்கள். ஆகவே விரல் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்று ஆயிற்று. நோரீன் தேய்த்த அறுநூறு மட்டும் போலியாகாத வழுவழுப்பு. அதற்காகச் சேகரிப்புக்காரர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

வேட் பேட்டிகளில் முதலில் 'எங்கள் விரல்' என்றான். சில வருஷம் கழித்து 'அந்த விரல்' என்றான். எப்போது அது 'என் விரல்' ஆனது என்று நோரீனுக்கு நினைவில்லை.

*

"உன்னை என்ன சொல்றதுன்னே தெரியல," என்றாள் மில்கா பாபிச். "இருபத்தஞ்சு வருஷம் வாயில என்ன வச்சிருந்த? மட்டியா?"

வியாழக்கிழமைக் காலை. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. மூட்டமும் மணலும் ஒரே சாம்பல் நிறம், அதில் சிதறி நின்ற மனிதர்கள் எங்கேயோ போகும் வழியில் நின்றுவிட்டவர்கள் போலத் தெரிந்தார்கள். நோரீன் மண்வெட்டிக் கைப்பிடியால் ஈர மணலைத் தட்டினாள். ஒரு காசளவு குழி விழுந்தது. மட்டி எடுக்கும் குழாயை அதன்மேல் வைத்து ஆட்டி ஆட்டி இறக்கி, மேல் துளையை விரலால் அடைத்துத் தூக்கினாள். மணல் உருளையோடு மட்டி வந்து விழுந்தது. ஓடு நொறுங்கியிருந்தது. தோண்டும் முதல் பதினைந்தும் உடைந்ததோ முழுசோ எடுத்துக்கொள்ள வேண்டும், நல்லதாகப் பொறுக்கக் கூடாது என்பது சட்டம். வலைப்பையில் போட்டாள்.

"வெக்கமா இருந்துச்சு மில்கா."

"எதுக்கு?"

"நடுத்தெருவுல கத்தினானே. அது என் தப்புன்னுதான் மனசுல உக்காந்துச்சு. அப்புறம் அது நல்லதாப் போச்சு. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள தப்பாவேதான் இருந்துச்சு. யாராவது அந்தப் பொம்மையத் திருப்பிக் காதுக்குப் பின்னால தடவினா நான் வேற பக்கம் பாப்பேன்."

மில்கா குழாயை மணலில் ஊன்றி நின்றாள். கனத்த உடம்பு, ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டுத் தொப்பியில் முகம் சிறிதாகத் தெரிந்தது. ஒன்பது வருஷம் மட்டி ஆலையில் நோரீனின் பக்கத்தில் நின்றவள். தன் இடது கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். கட்டைவிரலில் இரண்டு பிறை, ஒன்றன்மேல் ஒன்று.

"இது ரெண்டும் என்ன? சூரிய உதயமும் அஸ்தமனமுமா? எட்டு நொடிக்கு ஒண்ணுன்னு நிக்க வச்சானுங்க, அடிவானம் எல்லாருக்கும் வந்துச்சு. நம்ம வரிசையில கைநீட்டச் சொல்லு, நாப்பது பேருக்கும் இருக்கும். வேட் பிரூயிட் விரல பாத்திருக்கியா? சோப்புக்கட்டி. அவன் மட்டியத் தட்டுல தவிர பாத்ததில்ல."

"ஜோலின் வேலை போயிடும் மில்கா."

ஒரு அலை முழங்கால்வரை வந்து திரும்பியது. இருவரும் கடலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்தார்கள்.

"அதுதான் பாக்கறேன்," என்றாள் நோரீன். "அறுநூறு தடவை என் விரல நானே மக்கு வச்சு அடைச்சேன். அப்ப யாரும் பேப்பர் நீட்டல, அது யாரு விரல்னு ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. தப்பா இருந்தப்ப என்னோடது. முத்திரையானதும் அவனோடது. இப்ப அறுநூத்தி ஒண்ணாவது தடவை அடைக்கச் சொல்றாங்க."

"அடைப்பியா?"

நோரீன் மறுபடி மணலைத் தட்டினாள். குழி விழவில்லை. நாலடி நகர்ந்து தட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை பிற்பகல் வேடே வந்தான். கையில் ஒரு டப்பா மேப்பிள் பார், சர்க்கரைப் பாகு பூசிய ரொட்டி. ஆர்வோ கதவைத் திறந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, "இது போதாது வேட், ஆனா உள்ள வா," என்றார்.

ஐம்பத்தாறு வயதில் அவனுக்கு முடி கொட்டியிருந்தது, சிரிப்பு கொட்டவில்லை. சமையலறையில் அதே மேசைமுன் உட்கார்ந்தான். உப்புக் குப்பிக்கு அடியில் பேப்பர் இருந்ததைப் பார்த்தான், பார்க்காதது போல ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக் காபியில் நனைத்தான்.

"நோரீன், உங்க ரொட்டி மாதிரி எங்கயும் சாப்பிட்டதில்ல."

"நேரா வா."

"சரி." அவன் துணுக்கைத் தட்டில் வைத்தான். "வாங்கினவங்க பயப்படறாங்க. நாளைக்கு யாராவது வந்து அது என் விரல்னு சொன்னா, அவங்க வாங்கினது என்னன்னு அவங்களுக்கே தெரியாமப் போயிடும். அவ்வளவுதான் விஷயம். உங்களுக்கு எதிரா ஒண்ணுமில்ல. விழா மேடையில உங்களையும் ஒரு வார்த்தை பேசக் கூப்பிடுவாங்க. புத்தகத்துல உங்க பேரு இருக்கு, பாத்தீங்களா? 'முதல் ஊழியர்'னு."

"பக்கம் நாப்பத்திரண்டு," என்றார் ஆர்வோ. "பெருக்குமாறோட ஒரு போட்டோவும் இருக்கு. நல்லா வந்திருக்கா."

"வேட்," என்றாள் நோரீன், "அந்த நாள் உனக்கு நிஜமா ஞாபகம் இல்லையா? கரண்ட் போன நாள்?"

"கரண்ட் போச்சா?"

அவன் முகத்தில் நடிப்பில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"நான் அந்தக் கதைய எத்தனை மேடையில சொல்லியிருப்பேன்னு தெரியுமா? இப்ப கண்ண மூடினா என் கைதான் தெரியுது. களிமண் சில்லுன்னு இருந்தது, ஜன்னல்ல மழை, நான் விரல வைக்கறேன். உங்க சமையலறைதான் தெரியுது. ஆனா கை என்னோடது. நான் பொய் சொல்றேன்னு எனக்கே தோணல நோரீன்."

"களிமண் சில்லுன்னு இருக்காது. மூணு வாரம் உருட்டின கை அதுல இருந்தா வெதுவெதுன்னு இருக்கும்."

அவன் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பதினாலு பேர்ல ஜோலின் பேரும் இருக்கு," என்றான் பிறகு, காபிக் கோப்பையைப் பார்த்தபடி.

"இது மிரட்டலா வேட்?"

"இல்ல." கோப்பையைச் சுழற்றினான். "தெரியல. இருக்கலாம். நான் அப்படி நினைச்சு வரல."

"போகும்போது அந்த டப்பாவ எடுத்துக்கிட்டுப் போ."

"ஒண்ணு சாப்பிட்டுட்டேன்," என்றார் ஆர்வோ.

"மிச்சத்த எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

*

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஜோலின் வந்தபோது நோரீன் சாம்பல்நிறக் களிமண்ணை உருட்டி, சதுரமான ரொட்டித் தகரத்தில் அழுத்திப் பரப்பிக்கொண்டிருந்தாள். பேப்பர் உப்புக் குப்பியின் கீழேயே இருந்தது. கையெழுத்து இல்லை.

ஜோலின் தகரத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்துவாள் என்று நோரீன் காத்திருந்தாள். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். பதினாறு வருஷமாக அவள் வேலையே அதுதான். மாதிரியையும் வந்த பொம்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இதில் புருவம் ஒரு மயிரிழை தூக்கல், அதில் உதட்டுச் சிவப்பு கொஞ்சம் கம்மி என்று எழுதித் திருப்பி அனுப்புவாள். அவள் கண்ணுக்குத் தப்பியது என்று ஒன்றும் இல்லை என்று தொழிற்சாலையில் சொல்வார்கள், பாதி மரியாதையாக, பாதி எரிச்சலாக.

ஜன்னலோரம் நின்ற பழைய கேப்டன் டிரிசிலை எடுத்துத் திருப்பினாள்.

"கையக் குடு."

நோரீன் இடது கையை நீட்டினாள். ஜோலின் அதை வெளிச்சத்தில் திருப்பி, கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். பொம்மையைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி பொம்மை. ஆர்வோ ரேடியோவை அணைத்தார்.

"தழும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு," என்றாள் ஜோலின், வேலையில் பேசுகிற குரலில். "கீழ் சுழியில ஒரு புள்ளி. அதுவும் இருக்கு." கண்ணாடியை எடுத்தாள். கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது. "லட்சக்கணக்கான தலைய இந்தக் கண்ணாடியில பாத்துருக்கேன்மா. உன் கைய ஒரு தடவைகூட இப்படிப் பாத்ததில்ல."

"நான் காட்டினதில்ல."

"வித்தியாசம் இருந்தா எழுதித் திருப்பி அனுப்பத்தான் எனக்குச் சம்பளம். இதுல எழுத ஒண்ணுமில்ல." அவள் எழுந்தாள். "நீ எதையோ பண்ணப் போற. எனக்குத் தெரியாது. நான் பாக்கல. ஆனா மேடையில நிக்கறப்ப என் முகத்தப் பாக்காத. பாத்தா நான் அழுதுடுவேன், அப்புறம் கோபம் வந்துடும்."

"உன் வேலை..."

"என் வேலைய நான் பாத்துக்கறேன். வேணாம்னு சொல்லாத, சரின்னும் சொல்லாத." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அந்தத் தகரத்துக்கு ஒரு மூடி போடு. மழையில எடுத்துட்டுப் போகப்போற."

*

பழைய பலகை ஆலைக் கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். ஆட்களைவிட ஈரக்கோட்டு வாசனைதான் முதலில் தெரிந்தது. வேலை போன நூற்று நாற்பது பேரில் பாதிக்கும் மேல் வந்திருந்தார்கள். இலவசக் காபிக்கு வந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மில்கா மட்டி ஆலைப் பெண்கள் ஆறேழு பேரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தாள். இடம் ஒதுக்கிய அட்டைகளை எடுத்து அவளே தரையில் போட்டிருந்தாள். மேடைக்குப் பின்சுவரில் எட்டடி உயரத்துக்கு அந்த ரேகை. பக்கத்தில் ஒரு பெரிய திரை. மேசையில் வைக்கும் பொம்மைகளைப் பெரிதாக்கிக் காட்ட மேலே ஒரு கேமரா தொங்கியது. அதை இயக்கும் பெட்டிக்கு முன்னால் ஜோலின் நின்றிருந்தாள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த இளைஞன் மைக் பிடித்தான். ஆபர்டீன் என்ற பெயரை நாலு விதமாக உச்சரித்தான். வேட் பேசினான். கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. அவனை வெறுக்க அவர்களால் இன்னும் முடியவில்லை. பேச்சை முடிக்கும்போது அவன் வலது கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினான். கைதட்டினார்கள். முன்வரிசை தட்டவில்லை.

"இப்போது," என்றான் இளைஞன், "நம் முதல் ஊழியர் திருமதி கோஸ்கி ஒரு வார்த்தை சொல்வார்."

நோரீன் தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். ரொட்டி கொண்டுவருகிறாள் என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. மேசைமேல் தகரத்தை வைத்து மூடியைத் திறந்தாள். இளைஞன் எட்டிப்பார்த்து, இது நிகழ்ச்சியில் இருக்கிறதா என்பதுபோல் வேடைப் பார்த்தான். வேட் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பேச வராது," என்றாள் நோரீன் மைக்கில். அவள் குரல் கூடத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. "மட்டி ஆலையில பேசினா கை வெட்டிக்கும். அதனால வாய மூடிக்கிட்டே வேலை பாத்துப் பழக்கம். இருந்தும் வெட்டிக்கிச்சு."

முன்வரிசையில் மில்கா உரக்கச் சிரித்தாள்.

நோரீன் இடது கட்டைவிரலைக் களிமண்ணில் வைத்து அழுத்தினாள். மூன்று எண்ணும்வரை வைத்திருந்தாள். எடுத்தாள்.

மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தலைக்குமேல் ஏதோ மெல்ல உறுமியது. தொங்கிய கேமரா இறங்கிக்கொண்டிருந்தது. மங்கலாக இருந்த திரை தெளிந்தது. சுவரில் எட்டடி, பக்கத்துத் திரையில் எட்டடி. அதே சுழி, இரண்டு இடத்தில் உடைந்த அதே பிறை, கீழே அதே புள்ளி.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பெயின்ட் ரூம்காரர்கள் நின்றிருந்த பக்கம் டுவெய்ன் தொப்பியைக் கழற்றினான். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது, தழும்பு விழுந்த கட்டைவிரல் மேடையைப் பார்க்க. பிறகு இன்னொன்று. இளைஞன் மைக்கை வாங்கக் கையை நீட்டி, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான்.

வேட் இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டிருந்தான். அவன் திரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். கரண்ட் போச்சா என்று கேட்டபோது இருந்த முகம் மறுபடி வந்திருந்தது.

நோரீன் தகரத்தை மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினாள். அவள் ரேகைக்குப் பக்கத்தில் களிமண் வழுவழுப்பாக, காலியாக இருந்தது.

"பக்கத்துலயே இடம் விட்டிருக்கேன் வேட்," என்றாள். "வலதோ இடதோ, உனக்கு எது வசதியோ அது. பையிலேருந்து கைய எடுத்து இங்க ஒரு தடவை வை."